பூமலையின் வரலாறு: ஒரு திறனாய்வு

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தைத் தமிழ் மக்கள் பூமலை என்றே வழங்கி வருகின்றனர். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து இப்பெயர் அமையவில்லை. மேடும் சரிவுமாகக் கிடந்த நிலத்தையும் அதன்மேல் மலர்ந்து நின்ற செடிகளையும் கண்டவர்கள் தம் கண்ணுக்குப் பட்டதைப் பெயராக்கினர். பெயரிட்டவர் இன்னார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. தோட்டத்தை ஆண்டவர்களின் பெயர்கள் ஏடுகளில் நிற்க, தோட்டத்துக்குப் பெயர் தந்தவர்கள் மக்கள் வழக்கில் கரைந்து போயினர். பூமலையின் வரலாறு முழுவதையும் இவ்வொரு செய்தி சுருக்கிக் காட்டுகிறது எனலாம்.

மணிமேகலைக் காப்பியத்தில் மலர்வனம் புக்க காதை என்றொரு பகுதி உண்டு. இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம் எனப் பூம்புகார் நகரத்துச் சோலைகள் அதில் வரிசைப்படுத்தப்படுகின்றன. அரசனைச் சார்ந்தோர் உலவும் சோலை எது, தெய்வம் காக்கும் சோலை எது, மணிமேகலை அச்சமின்றிச் செல்லத்தக்க சோலை எது என்பவற்றைச் சாத்தனார் பிரித்துக் காட்டுகிறார். சோலை யாருக்கு உரியது என்ற கேள்வி அதன் அழகைப் பற்றிய பேச்சோடு பிணைந்தே வருகிறது. ஒரு நகரப் பூங்காவின் வரலாற்றை எடைபோட விழைவோர்க்கு இது நல்லதோர் அளவுகோல். பூமலை யாருக்காகத் தோன்றியது? யாருடைய உழைப்பால் பயன் தந்தது? அப்பயன் யாரைச் சென்று சேர்ந்தது? இக்கேள்விகளைக் கொண்டு நோக்கினால், பூமலையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு எங்கே நிறைவுடையது, எங்கே குறையுடையது என்பது புலப்படும்.

தோற்றமும் நோக்கமும்

பூமலையின் வரலாறு 1859ஆம் ஆண்டில் தொடங்குவதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதற்கு முன்னரே சிங்கப்பூரில் ஒரு தாவரவியல் தோட்டம் இருந்தது. 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ், இன்று போர்ட் கேனிங் என வழங்கும் குன்றின் சரிவில் அதனைத் தொடங்கினார். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த நத்தானியல் வாலிச்சின் ஆலோசனை அதற்குத் துணை நின்றது. சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்கள் இத்தீவில் விளையுமா என்று சோதித்துப் பார்ப்பதே அதன் முதன்மை நோக்கம். பொருளுதவி குன்றியதால் 1829ஆம் ஆண்டில் அத்தோட்டம் மூடப்பட்டது.

இத்தொடக்கம் சிறியதாயினும் கருத்திற் கொள்ளத்தக்கது. காலனி ஆட்சியின் பார்வையில் தாவரவியல் தோட்டம் உலாவுதற்குரிய இடமாக மட்டும் இருந்ததில்லை. எந்த மண்ணில் எந்தப் பயிர் பொன்னாகும் என்று கண்டறியும் ஆய்வுக்கூடமாகவும் அது கருதப்பட்டது. இந்நோக்கம் 1829இல் மறைந்து போகவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் பன்மடங்கு பெருகி மீண்டும் வந்தது.

1859இல் தங்ளின் பகுதியில் எழுந்த தோட்டமோ வேறு வகையானது. வேளாண்மை தோட்டக்கலைச் சங்கம் ஒன்றின் முயற்சி அது. வம்போ என்ற பெயரால் அறியப்பட்ட செல்வர் ஹூ ஆ கே தம் வசமிருந்த நிலத்தைத் தர, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அவருக்கு மாற்று நிலம் அளிக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரரான லாரன்ஸ் நிவென் நிலத்தைத் திருத்தி, வளைந்து செல்லும் பாதைகளையும் புல்வெளிகளையும் அமைத்தார். 1866ஆம் ஆண்டில் அன்ன ஏரி தோண்டப்பட்டது. மலர்க் கண்காட்சிகளும் இசைக்குழு நிகழ்ச்சிகளும் நடந்தன. சங்கத்துக்குச் சந்தா செலுத்திய உறுப்பினர்களின் பொழுதுபோக்குக்கே தோட்டம் முதன்மையாகப் பயன்பட்டது.

இன்றைய பூமலையின் வடிவம் பெரிதும் நிவெனின் கைவண்ணம் என்பதை மறுக்க இயலாது. அழகுணர்ச்சியோடு அவர் வகுத்த பாதைகளில் இன்றும் மக்கள் நடக்கின்றனர். ஆனால் சங்கத்தின் வரவு செலவுக்குள் அழகு அடங்கவில்லை. கடன் பெருகியது. 1874ஆம் ஆண்டில் அரசாங்கம் தோட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. செல்வரின் சந்தாவால் வாழ்ந்த தோட்டம் பொதுமக்களின் வரிப்பணத்தால் வாழத் தொடங்கிய திருப்பம் இது. பொதுப் பணத்தால் நடப்பது பொதுமக்களுக்கு உரியதாக உடனே ஆகிவிடவில்லை. பேரரசின் பொருளாதாரத் தேவைக்கு உரியதாகவே அது முதலில் ஆயிற்று.

இருபத்திரண்டு நாற்றுகள்

1875ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ஹென்றி ஜேம்ஸ் மர்ட்டன் கண்காணிப்பாளராக வந்தார். அன்று தொட்டுப் பூமலை கியூவின் கிளைபோல் இயங்கத் தொடங்கியது. 1879ஆம் ஆண்டில் வடபுறத்தில் 102 ஏக்கர் நிலம் சேர்க்கப்பட்டுப் பொருளாதாரப் பயிர்த்தோட்டம் அமைந்தது. காப்பி, கரும்பு எனப் பல பயிர்கள் அங்கே சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று உலக வரலாற்றையே மாற்றியது. அதுவே இரப்பர்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சில. முளைத்தவற்றிலும் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. சில பூமலையில் நடப்பட்டன. ஒன்பதை மர்ட்டன் பேரா மாநிலத்தின் கோலகங்சாருக்கு எடுத்துச் சென்று, ஹியூ லோ என்னும் ஆங்கில அதிகாரியின் தோட்டத்தில் நடச் செய்தார். அந்நாற்றுகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் இப்பகுதியின் இரப்பர்த் தோட்டங்களுக்கு மூலமாயின.

ஓர் அறையின் மூலையில் அடங்கிவிடக்கூடிய 22 நாற்றுகளிலிருந்து இலட்சக்கணக்கான ஏக்கர் பரப்புள்ள தோட்டங்கள் எழுந்தன. வியப்புக்குரிய இந்நிகழ்ச்சியைப் பூமலையின் வரலாற்றை எழுதுவோர் பெருமிதத்தோடு குறிப்பிடுவது இயல்பே. எனினும் விதையின் பயணம் விரிவாகச் சொல்லப்படும் அளவுக்கு, அவ்விதை மரமான பின் அதன் நிழலில் உழைத்த மனிதரின் பயணம் சொல்லப்படுவதில்லை. குறை தொடங்கும் இடம் இதுவே.

ரிட்லி என்னும் புகழ்க்கதை

1888 முதல் 1911 வரை பூமலையை ஆண்டவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. பூமலை வரலாற்றின் கதைத்தலைவர் அவரே. இரப்பரைப் பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளை ஓயாது வற்புறுத்தியதால் பித்தர் என்று எள்ளப்பட்டவர். கண்டோர் சட்டைப் பைகளில் எல்லாம் விதைகளைத் திணித்து அனுப்பியவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் வழங்குகின்றன. 1855இல் பிறந்து 1956இல் மறைந்த அவர், தாம் பித்தர் எனப்பட்ட காலத்தையும் போற்றப்பட்ட காலத்தையும் ஒருசேரக் கண்டார்.

இப்புகழுக்கு ரிட்லி தகுதியுடையவரா? தகுதியுடையவரே. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுக்கும் முறை இருந்தது. அம்முறையில் மரம் புண்பட்டு நலிந்தது. பட்டையின் ஓரத்தை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுத்தால் மரம் சாகாது, பட்டை மீண்டும் வளரும் என்பதை ரிட்லி 1890களில் சோதனைகளால் நிறுவினார். விடியற்காலையில் வெட்டினால் பால் மிகுதியாக ஒழுகும் என்பதும் தெளிவாயிற்று. நாள்தோறும் பால் தந்து பல்லாண்டு வாழும் மரமாக இரப்பரை ஆக்கியது இந்த அறிவே. அவர் எழுதி 1922க்கும் 1925க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்த மலாயாத் தாவரங்கள் பற்றிய நூல் அவர்தம் புலமைக்குச் சான்று.

ஆயினும் ஒரு மனிதரின் விடாமுயற்சியே மலாயாவை இரப்பர் நாடாக்கியது என்ற முடிவு திறனாய்வுக்கு நிற்காது. ரிட்லி பல்லாண்டுகள் வற்புறுத்தியும் முதலாளிகள் அசையவில்லை. 1890களின் இறுதியில் பிரேசிலின் மிகை விளைச்சலால் காப்பி விலை வீழ்ந்தது. காற்றடைத்த சக்கரங்களும் மோட்டார் வண்டிகளும் பெருகின. அப்போதுதான் முதலாளிகளின் கண் இரப்பர் மீது திரும்பியது. 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் துணிந்து இரப்பர் பயிரிட்ட டான் சே யான் முன்னோடிகளுள் ஒருவர். ரிட்லியின் அறிவு, டான் சே யான் போன்றோரின் முதலீடு, உலகச் சந்தையின் தேவை ஆகியவை ஒன்று கூடியபோதே இரப்பர் வென்றது.

இவற்றோடு நான்காவது ஒன்றும் வேண்டியிருந்தது. ரிட்லி கண்ட வெட்டும் முறை நுட்பமானது. கத்தி ஆழ்ந்தால் மரம் கெடும். மேலோடினால் பால் வராது. அம்முறை ஏட்டில் எளிது. காட்டில் அதைச் செய்து காட்ட, இருள் பிரியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஒவ்வொன்றாகச் செல்லும் தேர்ந்த கைகள் வேண்டும். ஓர் அறிஞர் சில மரங்களில் கண்ட உண்மையைக் கோடிக்கணக்கான மரங்களில் நாள்தோறும் மெய்ப்பித்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர்.

தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு

தமிழில் தோட்டம் என்ற சொல் மலாயாவில் வேறொரு பொருள் கொண்டது. தாவரவியல் தோட்டம் என்னும்போது அது பூங்கா. வெறுமனே தோட்டம் என்றால் அது எஸ்டேட். தோட்டத்துப் பிள்ளை, தோட்டத்துப் பள்ளி, தோட்டத்துக் கோயில் என்றால் இந்நாட்டுத் தமிழர் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரே சொல் இரண்டு உலகங்களைக் குறிக்கிறது. ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்தது என்பதைச் சொல்லே நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

இரப்பர் பெருகப் பெருக ஆள் தேவையும் பெருகியது. ஒப்பந்தக் கூலி முறையும் கங்காணி முறையும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்களைத் திரட்டின. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் செலுத்திய தொகையால் தொழிலாளரின் கப்பற் கட்டணம் ஈடுசெய்யப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கித் தீபகற்பமெங்கும் பரவினர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாக இந்தியர் தொகை 6 இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். உதவிபெற்று வரும் குடியேற்றத்துக்கு 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இப்பெயர்ச்சி ஏற்ற இறக்கத்தோடு நீடித்தது.

அவர்கள் வாழ்வில் புதிய சொற்கள் புகுந்தன. விடியலில் பிரட்டுக் களம், மரத்தடியில் உளியும் மங்கும், தோளில் காண்டா, உலர்ந்து ஒட்டிய ஒட்டுப்பால், திரும்பி வந்தால் லயத்து வீடு. தமிழோடு மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்த இவ்வழக்கு ஒரு சமுதாயத்தின் தொழில் வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. பூமலையின் ஏடுகளில் இரப்பர் மரத்துக்கு இலத்தீன் பெயர் உண்டு. வெட்டுக்கும் விளைச்சலுக்கும் அளவு உண்டு. மரத்தை வெட்டியவரின் மொழியில் அம்மரத்துக்கு வழங்கிய பால்மரம் என்ற பெயரையோ தமிழ்க் கதைகளிலும் நாட்டுப்பாடல்களிலும்தான் தேட வேண்டும். தமிழகத்து எழுத்தாளர் அகிலன் மலேசியத் தோட்ட வாழ்வைப் பொருளாக்கி எழுதிய நாவலுக்குப் பால்மரக் காட்டினிலே என்றே பெயரிட்டார்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பூங்காவின் வரலாற்றில் எஸ்டேட்டின் வரலாற்றைப் புகுத்துவது முறையா? முதலாளி செய்ததற்கு ஆய்வாளர் பொறுப்பாவாரா? மறுப்பு நேர்மையானதே. கூலி விகிதத்தை நிர்ணயித்தவர் ரிட்லி அல்லர். லயத்துக் குடிசைகளைக் கட்டியது பூமலை அன்று. பழி சுமத்துதல் திறனாய்வின் நோக்கமும் அன்று. ஆனால் பூமலையின் பெருமை எதனால் வந்தது என்று கேட்கப்படும்போது, இரப்பர்த் தொழிலைத் தோற்றுவித்தது என்றே விடை வருகிறது. அத்தொழிலின் செல்வத்தைத் தன் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வரலாறு, அச்செல்வத்தை உண்டாக்கியவர்களைப் பிறர் கணக்கில் தள்ளிவிட முடியாது. வரவை எழுதுகிற கணக்கேட்டில் செலவும் எழுதப்பட வேண்டும்.

அதேபோல் தோட்ட வாழ்வைத் துன்பக் கதையாக மட்டும் சொல்வதும் பாதி உண்மையே. வறுமையிலும் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. கோயில்களும் படிப்பகங்களும் தோன்றின. தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. மலேசியத் தமிழ் இலக்கியத்தில் தோட்டப்புறம் ஊன்றிய வேர் ஆழமானது. பூமலையில் ஊன்றிய நாற்றின் பயன் பட்டியலில் இவ்விலக்கியமும் ஒரு விளைச்சலாக எண்ணப்படத்தக்கது.

போர்க்காலத்து இரு காட்சிகள்

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அப்போது பூமலைக்கு நேர்ந்தது வியப்பானது. ஜப்பானியப் பேராசிரியர் தனகாடாத்தே தோட்டத்தையும் அருங்காட்சியகத்தையும் கொள்ளையிலிருந்து காத்தார். பின்னர்ப் பேராசிரியர் கோரிபா தோட்டத்துக்குத் தலைவரானார். ஆங்கிலத் தாவரவியலாளர்களான ஹோல்ட்டமும் கோர்னரும் சிறைமுகாமில் அடைக்கப்படாமல் தம் ஆய்வைத் தொடர இசைவு பெற்றனர். உலர்தாவரத் தொகுப்பும் நூலகமும் பிழைத்தன. பகைவரிடையேயும் அறிவியல் ஒரு பாலமாக நின்ற இந்நிகழ்ச்சியைக் கோர்னர் 1981ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதினார். பகைவரோடு ஒத்துழைத்தவர் என்ற பழிச்சொல்லும் அவரைத் தொடர்ந்தது. எனினும் அழிந்திருந்தால் மீட்கவியலாத செல்வம் காக்கப்பட்டது என்பதே நடுநிலையான தீர்ப்பாகும்.

அதே காலத்தில் தீபகற்பத்தின் தோட்டங்களில் வேறொரு காட்சி. சயாம் பர்மா இரயில் பாதை அமைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஆட்கள் திரட்டப்பட்டனர். தோட்டத்துத் தமிழர் பத்தாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் கொடுமையாலும் மாண்டவர் மிகப் பலர். ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் நாவல் இத்துயரைத் தமிழில் நிறுத்தியிருக்கிறது.

பூமலையின் உலர்தாவரத் தாள்களுக்கு எண் உண்டு, பெயர் உண்டு, கண்டெடுத்த நாளும் இடமும் உண்டு. இரயில் பாதையோரம் வீழ்ந்த தோட்டத் தொழிலாளருள் எத்தனை பேருக்கு இவற்றுள் ஒன்றேனும் கிடைத்தது? இரு காட்சிகளையும் அருகருகே வைப்பது ஆய்வாளரைக் குறை கூறுவதற்காக அன்று. இலையைப் பேணிய கவனம் மனிதருக்குக் கிட்டாத காலம் அது என்பதை உணர்வதற்காகவே.

பூமலைக்குள்ளேயே ஓர் அடையாளம் கிடக்கிறது. போர்க்கைதிகளாயிருந்த ஆஸ்திரேலியர் அங்கே செங்கற் படிகள் கட்டினர். அச்செங்கற்கள் சிலவற்றில் அம்புக்குறிகளைக் கீறி வைத்தனர். கைதி என்பதன் குறி அது. பெயர் எழுத இயலாதவன் குறியேனும் விட்டுச் செல்கிறான். அப்படிகளில் ஏறுவோர் குனிந்து பார்த்தால் அவன் அங்கே இருந்தான் என்பதை அறியலாம். பால்வெட்டிய கைகளோ பட்டையில் விட்ட கீறல்களைத் தவிர வேறு குறி விடவில்லை. அம்மரங்களும் காலப்போக்கில் வெட்டப்பட்டுவிட்டன.

திருத்தப்பட்ட ஒரு வரலாறு

விடுபட்டதைச் சேர்க்க முடியுமா என்ற ஐயத்துக்குப் பூமலையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனிய மாது தஞ்சோங் பகாரில் இருந்த தம் இல்லத் தோட்டத்தில் ஒரு புதிய ஆர்க்கிட் மலரை உண்டாக்கினார். 1893ஆம் ஆண்டில் ரிட்லி அதனை விவரித்து, அம்மாது இரு செடிகளை இணைத்துப் பெற்ற கலப்பினம் என்றே எழுதினார். வண்டா மிஸ் ஜோவாக்கிம் எனப் பெயர் பெற்ற அம்மலர் 1981ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று.

இடைக்காலத்திலோ வேறொரு கதை வலுப்பெற்றது. மலர் தானே உண்டான கலப்பு, அதனை மூங்கிற் புதரிடையே அம்மாது தற்செயலாகக் கண்டெடுத்தார் என்பது அக்கதை. ஒரு பெண்ணின் முயற்சி வெறும் தற்செயலாகச் சுருக்கப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் பழைய சான்றுகளை மீண்டும் புரட்டினர். 2016ஆம் ஆண்டில் அவரே அம்மலரை உருவாக்கியவர் என்பது சிங்கப்பூரில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. நூற்றாண்டு கடந்தாலும் உரியவருக்கு உரியதைத் தரலாம் என்பதற்கு இது சான்று.

இவ்வகையில் நன்முறைகள் முன்னரும் இல்லாமலில்லை. 1912 முதல் 1925 வரை பூமலையின் தலைவராயிருந்த ஐசக் ஹென்றி பர்கில், மலாய்க் கிராம மருத்துவம் குறித்த ஆய்வை 1930ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, உடன் உழைத்த முகமது ஹனீப்பின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்தே வெளியிட்டார். ஆட்சியாளருக்கும் அடுத்த நிலையில் இருந்தோருக்கும் இடையே அக்காலம் எழுப்பியிருந்த சுவரை எண்ணினால், இச்சிறு செயலின் பெருமை விளங்கும். பெயரைச் சேர்ப்பதால் எவருடைய புகழும் குறையாது என்பதைப் பர்கில் அறிந்திருந்தார்.

மக்கள் பூங்கா

விடுதலை உணர்வு ஓங்கிய நாளில் பூமலை மற்றொரு வேடம் ஏற்றது. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற 1959ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில் அனேக்கா ரகம் ராயாட் என்னும் மக்கள் கலைநிகழ்ச்சி அங்கே நடைபெற்றது. மலாய், சீன, இந்திய, மேலைக் கலைகள் ஒரே மேடையில் இடம்பெற்றன. நூறாண்டுக்கு முன் சந்தா செலுத்தியோருக்காக இசைக்குழு வாசித்த மண்ணில், கட்டணமின்றிப் பல இன மக்களும் கூடி அமர்ந்தனர். 1859க்கும் 1959க்கும் இடைப்பட்ட தொலைவை இந்த ஒரு மாலை அளந்து காட்டியது. பூமலை பொதுமக்களுக்கு மெய்யாகவே உரியதான காலத்தின் தொடக்கம் என இதனைக் கொள்வதில் தவறில்லை.

1960களில் மரநடு இயக்கம் தொடங்கியபின், சாலையோரங்களுக்கான மரங்களையும் செடிகளையும் ஆராய்ந்து வழங்கும் பணியைப் பூமலை ஏற்றது. முன்பு பேரரசின் வாணிகத்துக்குப் பயிர் தேடிய தோட்டம், இப்போது நகர மக்களுக்கு நிழல் தேடியது. ஹோல்ட்டம் 1920களின் இறுதியில் ஆய்வுக்கூடக் குடுவைகளில் தொடங்கிய ஆர்க்கிட் கலப்பின முயற்சி தனியொரு தொழிலாக வளர்ந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பூமலை யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் சிறப்பு அது. அச்சிறப்புக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் இரப்பர்ப் பயிரிடுதலில் பூமலை ஆற்றிய பங்கும் ஒன்று.

இச்சிறப்பு மகிழ்ச்சிக்குரியது. நாட்டு விடுதலைக்குப் பின் பல காலனித் தோட்டங்கள் சிதைந்து போக, பூமலை ஆய்வும் அழகும் குன்றாமல் நிலைத்தது. காசு கேளாமல் யாவரையும் உள்ளே விடுகிறது. அதிகாலையில் நடைபயிலும் முதியவருக்கும் மாலையில் குழந்தையோடு வரும் தொழிலாளிக்கும் அங்கே ஒரே உரிமை. ஆனால் மரபுடைமை என்ற சொல் ஒரு பொறுப்பையும் சுமத்துகிறது. இரப்பர்ப் பங்கு உலகின் பொதுச் செல்வமாயின், அவ்விரப்பரோடு இணைந்த மனிதப் பெயர்ச்சியும் அம்மரபின் பகுதியே. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்டவற்றுள் ஒன்று எனக் கருதப்படும் முதுமரம் வேலியிட்டுப் பேணப்படுகிறது. மரத்துக்கு வேலியும் விளக்கப் பலகையும் உண்டு. அம்மரத்தின் வழித்தோன்றல்களோடு வாழ்ந்து மடிந்த தலைமுறைகளுக்கு அவ்வாறு ஓரிடம் வேண்டாவா?

காலம் கடந்தால் இவ்வேலை கடினமாகும். 1970களுக்குப் பின் மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் அழிந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் 1870களில் பூமலைக்கு வந்து சேர்ந்த அயல்நாட்டு மரமே என்பது விந்தை. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டன. தோட்டத்து மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். உளி பிடித்த தலைமுறை குறைந்து வருகிறது. பிரட்டுக் களத்தில் எத்தனை மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள், ஒருவருக்கு எத்தனை மரம், மழை நாளில் கூலி உண்டா என்று கேட்டால் விடை சொல்லத்தக்கவர்கள் நாளுக்கு நாள் அருகுகின்றனர்.

முடிவுரை

பூமலையின் வரலாறு மூன்று விதமாகச் சொல்லப்பட்டு வருகிறது. செல்வர் அமைத்த எழிற்சோலை என்பது ஒன்று. அறிஞர் வளர்த்த ஆய்வுக்கூடம் என்பது மற்றொன்று. மக்கள் பெற்ற பசுமைச் செல்வம் என்பது மூன்றாவது. மூன்றும் உண்மையே. எதையும் தள்ள வேண்டியதில்லை. தோட்டத்துச் சுவருக்கு வெளியே நடந்த நான்காவது வரலாறு இவற்றோடு சேர வேண்டும் என்பதே இத்திறனாய்வின் முடிபு. நாற்று உள்ளே வளர்ந்தது. அதன் பயனும் துயரும் வெளியே விளைந்தன. இரண்டையும் இணைத்துப் படித்தால்தான் பூமலையின் உண்மையான பரப்பு தெரியும்.

இவ்விணைப்பைச் செய்யத் தகுதியுடையவர்கள் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்கள். ஆவணங்களில் இல்லாத செய்திகள் அவர்களின் தாய் தந்தையர் நினைவில் இருக்கின்றன. மூத்தோர் சொல்வதை ஊர், தோட்டம், ஆண்டு ஆகிய குறிப்புகளோடு எழுதி வைத்தல் வேண்டும். தோட்டத்துச் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். பள்ளி மாணவரைப் பூமலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மலர்களைக் காட்டிய பின் இரப்பர் மரத்தடியிலும் சற்று நின்று, கோலகங்சாரும் காஜாங்கும் நாகப்பட்டினமும் அம்மரத்தோடு எவ்வாறு தொடர்புடையன என்று சொல்லுதல் வேண்டும். தோட்டத்துக்குப் பூமலை என்று பெயர் வைத்த மக்கள் அதன் வரலாற்றிலும் தம் பங்கை எழுதிச் சேர்ப்பது அவர்களின் உரிமை, கடமையும் ஆகும்.